வெயில் பட்ட ஓடை

காடு வெட்டியதும் கூடிய காய்ச்சல்

காட்டை வெட்டி, புதரை எரித்து, வீட்டைச் சுற்றியுள்ள இடத்தைத் துப்புரவாக வைத்திருந்தால் கொசு குறையும், கொசு குறைந்தால் காய்ச்சலும் குறையும் என்பதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிரிடுவதற்காக மலாயாவின் காடுகள் திருத்தப்பட்டபோது இந்த எளிய நம்பிக்கை ஓரிடத்தில் மெய்யாகவும் இன்னோரிடத்தில் பொய்யாகவும் ஆயிற்று. கிள்ளானை ஒட்டிய கடலோரச் சமவெளியில் காட்டை அழித்துச் சதுப்பை வடித்த தோட்டங்களில் சில ஆண்டுகளிலேயே காய்ச்சல் அடங்கியது. அதே முறையில், அதே அக்கறையுடன் மலைச்சரிவுகளில் காட்டை அழித்த தோட்டங்களிலோ காய்ச்சல் தணியாமல் முன்னைவிடக் கடுமையானது. பேராக் மாநிலத்தின் கிரியான் வயல்வெளி இந்தப் புதிருக்கு மூன்றாவது முடிச்சைப் போட்டது. ஆண்டின் பெரும்பகுதி நீர் நிற்கும் அந்த நெல்வயல்களில் கொசுவுக்குப் பஞ்சமே இல்லாதபோதும் காய்ச்சல் குறைவாகவே இருந்தது.

நெகிரி செம்பிலானில் இந்தப் புதிர் வெறும் ஏட்டுப் புதிராக இருக்கவில்லை. சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் கணவாயைத் தாண்டி இறங்கினால் வரும் கோலா பிலா வட்டாரம், குன்றுகளும் அவற்றுக்கிடையே குறுகிய பள்ளத்தாக்குகளும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஊற்றெடுத்து மூவார் ஆற்றை நோக்கி ஓடும் சிற்றோடைகளும் நிறைந்த நிலம். மலைத்தோட்டம் என்று மருத்துவர்கள் குறிப்பிட்ட வகைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இத்தகைய நிலங்களில் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்கள் குடியேற்றப்பட்டனர். விடியுமுன் பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கொடுத்துவிட்டுப் பால்வெட்டப் போன அவர்களைக் 'குளிர்காய்ச்சல்' என்று அவர்களே பெயரிட்ட நோய் வரிசை வரிசையாகச் சாய்த்தது. 1911-இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரிடையே இறப்பு விகிதம் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. இறந்தவர்களுள் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர் என்பதை நினைத்தால்தான் அந்த எண்ணின் கனம் புரியும்.

அந்தக் காய்ச்சல் மலேரியா. வெட்டப்பட்ட காடு ஓரிடத்தில் அதை விரட்டியதும் இன்னோரிடத்தில் அழைத்து வந்ததும் எப்படி என்ற கேள்விக்கு விடை தேடினால், தொற்றுநோய் என்பது எங்கே பிறக்கிறது, எந்த வழியில் பரவுகிறது, எந்த இடத்தில் மறித்தால் நிற்கிறது என்பதன் முழு இலக்கணமும் கிடைத்துவிடும்.

நோய்க்கு வேண்டிய மூவர்

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள். சதுப்பிலிருந்தும் புதிதாகக் கிளறிய மண்ணிலிருந்தும் எழும் நச்சு ஆவியே காய்ச்சலுக்குக் காரணம் என்று நூற்றாண்டுகளாக நம்பப்பட்டது. புதுத் தோட்டத்தில் மண் வெட்டியவர்கள் காய்ச்சலில் விழுந்தது அந்த நம்பிக்கைக்கு வலுவூட்டியது. 1880-இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான், நோயாளியின் இரத்தத்தில் அசையும் நுண்ணுயிரியைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20 அன்று, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அந்த நுண்ணுயிரியின் வளர்ச்சியைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டார். காற்றின் மேல் இருந்த பழி அத்துடன் நீங்கியது.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் சேர்ந்து காட்டியது, மலேரியாவுக்கு மூன்று தரப்புகள் தேவை என்பதை. முதலாவது ஒட்டுண்ணி, அதாவது பிற உயிரின் உடலைத் தின்று வாழும் நுண்ணுயிரி. இரண்டாவது கடத்தி, அதாவது அந்த ஒட்டுண்ணியை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குச் சுமந்து செல்லும் கொசு. கொசுக்களிலும் அனோபிலிஸ் என்ற வகையின் பெண் மட்டுமே இதைச் செய்கிறது. மூன்றாவது ஓம்புயிர், அதாவது ஒட்டுண்ணிக்கு இடமும் உணவும் தரும் உடல். இங்கே அது மனிதர். இம்மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் நோய் இல்லை. மூவரும் இருந்தும் அவர்கள் சந்திக்க வழி இல்லாவிட்டாலும் நோய் இல்லை.

ஒவ்வொரு தொற்றுநோய்க்கும் இத்தகைய சந்திப்பு வழி ஒன்று உண்டு. காலராவும் வயிற்றுக்கடுப்பும் மலம் கலந்த தண்ணீர் வழியே வருகின்றன. காசநோய் நெரிசலான அறையின் காற்று வழியே வருகிறது. கொக்கிப்புழு வெறுங்காலில் மிதிபடும் ஈர மண்ணிலிருந்து தோலைத் துளைத்து ஏறுகிறது. பழைய தோட்ட லயங்களில், அதாவது பல குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்த ஒற்றைக்கூரை வரிசை வீடுகளில், இவை அனைத்தும் இருந்தன. ஒரே உடலில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் வழக்கம். கொக்கிப்புழுவால் இரத்தம் சுண்டிய ஒருவரை மலேரியா தாக்கியபோது, உடல்நலமுள்ளவர் தாங்கிக்கொள்ளக்கூடிய காய்ச்சல் அவருக்கு உயிர்போக்கும் காய்ச்சலாயிற்று.

உடலுக்குள் நடப்பது

கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீருடன் சேர்ந்து மிகச் சில ஒட்டுண்ணிகளே உடலுக்குள் இறங்குகின்றன. அவை சிறிது நேரத்துக்குள் கல்லீரலைச் சென்றடைந்து, அங்கே ஒன்று ஆயிரக்கணக்காகப் பெருகுகின்றன. ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் நீளும் இந்தக் கட்டத்தில் நோயாளிக்கு எந்தத் தொல்லையும் தெரிவதில்லை என்பதால், காய்ச்சல் கண்ட நாளையும் கொசு கடித்த நாளையும் இணைத்துப் பார்க்க முற்காலத்தவருக்கு வழியே இருக்கவில்லை. பின்னர் கல்லீரலிலிருந்து வெளியேறும் கூட்டம் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் நுழைந்து, அவற்றின் உள்ளிருப்பைத் தின்று, பெருகி, அணுவைப் பிளந்துகொண்டு வெளிவந்து அடுத்த அணுக்களைப் பிடிக்கிறது. இலட்சக்கணக்கான அணுக்கள் ஒரே வேளையில் பிளக்கும்போது உடல் நடுங்குகிறது. பல் கிட்டும் குளிரும், அதைத் தொடர்ந்து கொதிக்கும் சூடும், பின் படுக்கை நனையும் வியர்வையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

இந்தப் பிளப்புக்கு ஒரு தாளம் உண்டு. மலாயாவில் மிகுதியாகக் காணப்பட்ட வைவாக்ஸ், பால்சிபாரம் ஆகிய இரு வகை ஒட்டுண்ணிகளுக்கும் அந்தச் சுற்று ஏறத்தாழ 48 மணி நேரம் என்பதால் காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறுகிறது. மலேரியே என்ற மூன்றாவது வகைக்கு 72 மணி நேரம். முறை வைத்து வருவதால் தமிழில் இதற்கு 'முறைக்காய்ச்சல்' என்ற பெயரும் வழங்கியது. இவற்றுள் பால்சிபாரமே கொலையாளி. அது பிடித்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தத்தைத் தடுக்கின்றன. வைவாக்ஸ் கொல்வது குறைவு என்றாலும், அதன் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மறுபடி எழுந்து வருகிறது.

நாளடைவில் சில ஒட்டுண்ணிகள் பெருகுவதை விட்டுவிட்டு ஆண், பெண் என்ற பால்வடிவம் கொள்கின்றன. மனிதருக்கு இவற்றால் காய்ச்சல் வருவதில்லை. ஆனால் கொசுவின் வயிற்றில் கூடி அடுத்த தலைமுறையைத் தருபவை இவை மட்டுமே. காய்ச்சல் விட்டு எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கிய ஒருவரே பிறருக்கு நோயைத் தருபவராக இருப்பது இதனால்தான்.

இரண்டு கொசுக்கள், இரண்டு தண்ணீர்கள்

இனிப் புதிரின் முடிச்சுக்கு வரலாம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் 1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அருகே திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், காய்ச்சல் மிகக் கடுமையாகப் பரவியது. ராஸின் கண்டுபிடிப்பு வெளியாகி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த அந்த வேளையில், வாட்சன் சதுப்பை வடிக்கவும் காட்டை அகற்றவும் வேண்டும் என்று வற்புறுத்திச் செய்வித்தார். அவர் தந்த கணக்குப்படி கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902-இல் 59 பேர். காட்டை அழித்தால் மலேரியா அழியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதே வழியைப் பின்பற்றிய மலைத்தோட்டங்களில் காய்ச்சல் அடங்காதபோது, வாட்சன் தன் வெற்றியைக் கொண்டே அனைத்தையும் விளக்க முயலாமல், ஓடை ஓடையாக இறங்கிப் புழுக்களைப் பிடித்து, எந்தத் தண்ணீரில் எந்தக் கொசு வளர்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். அனோபிலிஸ் கொசுவின் புழுவைக் கண்டுகொள்வது எளிது. மற்றக் கொசுக்களின் புழு தலைகீழாகத் தொங்க, இது நீரின் மேற்பரப்பில் ஒரு துரும்பைப் போலக் கிடைமட்டமாகப் படுத்திருக்கும். ஆனால் அனோபிலிஸ் என்பது ஒரே கொசுவின் பெயரன்று. அது பல இனங்களைக் கொண்ட ஒரு பேரினம், அவற்றின் பழக்கங்களும் வேறு வேறு.

சமவெளிச் சதுப்புக்காட்டின் இருண்ட, பழுப்பேறிய, தேங்கிய தண்ணீரில் வளர்வது அனோபிலிஸ் அம்பிரோசஸ். அம்பிரோசஸ் என்ற இலத்தீன் சொல் நிழலைக் குறிப்பது என்பதால் இதை 'நிழற்கொசு' என்று அழைக்கலாம். மரம் போய் வெயில் விழுந்ததும், தண்ணீர் வடிந்ததும் இதற்கு வாழ்விடம் இல்லை. மலையடிவாரத்திலோ வளர்வது அனோபிலிஸ் மாகுலேட்டஸ். புள்ளி உடையது என்ற பொருள் கொண்ட அந்தப் பெயருக்கு ஏற்பச் சிறகில் புள்ளிகள் கொண்ட இதைப் 'புள்ளிக்கொசு' எனலாம். இதன் விருப்பம் முற்றிலும் எதிரானது. பாறையிடுக்கில் கசிந்து, மணலில் மெல்ல ஓடி, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்த, வெயில் நேராக விழும் தண்ணீரே இதற்கு வேண்டும். ஓடையோரம் மாட்டுக் குளம்பு பதிந்த குழியில் ஒரு கையளவு தண்ணீர் ஊறி நின்றாலும் போதும்.

காடு நின்றவரை மலையோடைகள் நிழலில் ஓடின. புள்ளிக்கொசுவுக்கு அங்கே இடம் சுருங்கியிருந்தது. ரப்பர் நடுவதற்காகச் சரிவும் பள்ளமும் வெட்டித் துப்புரவாக்கப்பட்டதும், ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் ஓடிய ஊற்றுநீர் முதன்முறையாக வெயிலைக் கண்டது. தண்ணீர் எடுக்க வசதி என்பதற்காக லயங்களும் பெரும்பாலும் அந்த ஓடைகளுக்கு அருகிலேயே கட்டப்பட்டன. தோட்டம் திருத்தியவர்கள் தங்களை அறியாமலேயே கொசுவுக்குத் தொட்டிலும், அதன் பக்கத்திலேயே அதற்கு வேண்டிய இரத்தமும் அமைத்துக் கொடுத்தார்கள். கிரியான் வயல்களின் புதிரும் இத்துடன் அவிழ்கிறது. அங்கே பறந்த கூட்டத்தில் மலேரியாவைச் சுமக்க வல்ல இனங்கள் பெரும்பான்மையாக இல்லை. எண்ணிக்கையைவிட இனமே முக்கியம். எல்லாக் கொசுவையும் எல்லாத் தண்ணீரையும் எதிரியாகக் கொள்ளாமல், அந்த இடத்தில் நோயைக் கடத்தும் இனம் எது, அதன் தண்ணீர் எது என்று அறிந்து அதை மட்டும் மாற்றும் முறைக்கு 'இனமறிந்த தடுப்பு' என்று பெயரிடலாம்.

ஒரு லயத்தின் கணக்கு

ஒரே ஒரு நோயாளி ஒரு லயம் முழுவதையும் எப்படிச் சாய்க்கிறார் என்பதைப் பார்க்க, சமன்பாடு எதுவும் இல்லாமல், விரல்விட்டு எண்ணும் கணக்கே போதும். ஓடைக்கு அருகே 100 பேர் வாழும் ஒரு லயத்தை மனத்தில் கொள்ளலாம். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, ஆனால் அவற்றின் ஒழுங்கு உண்மையானது. ஓர் இரவில் அந்த லயத்தில் 1,000 கொசுக்கடிகள் விழுகின்றன. இரத்தத்தில் பால்வடிவ ஒட்டுண்ணி உள்ளவர் ஒருவரே என்றால், அவரைக் கடிக்கும் கொசுக்கள் 10.

இந்தப் பத்தும் உடனே ஆபத்தானவை ஆவதில்லை. ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 12 நாள் வேண்டும். கொசுவின் வாழ்வோ நிலையற்றது. நாள்தோறும் பத்தில் ஒன்று இறக்கிறது என்று கொண்டால், 12 நாள் முடிவில் பத்தில் சுமார் 3 மட்டுமே எஞ்சும். எஞ்சிய மூன்றும் சராசரியாக இன்னும் பத்து நாள் வாழ்ந்து, முட்டையிடுவதற்காக இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை கடித்தால், ஒவ்வொன்றும் 4 கடி, ஆக 12 கடி. அவற்றில் பாதி நோயைப் பற்றவைத்தால் 6 புதிய நோயாளிகள். இது அந்த முதல் நோயாளியின் ஓர் இரவுக்கான கணக்கு மட்டுமே. அவர் முறையான மருந்தின்றி 30 இரவு ஒட்டுண்ணியைச் சுமந்திருந்தால் மொத்தம் 180. லயத்தில் இருப்பவர்களே 100 பேர் என்றால், தப்புவதற்கு யாரும் இல்லை என்பதே இதன் பொருள்.

இனித் தடுப்பைப் பார்க்கலாம். ஓடையைச் சீர்செய்து கொசுவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், 180 என்பது 18 ஆகும். மிகப் பெரிய வெற்றிதான், ஆனாலும் ஒருவரிடமிருந்து 18 பேருக்குப் பரவும் நோய் நிற்கப் போவதில்லை. அத்துடன் கொசுவலையும் சேர்ந்து கடியைப் பாதியாக்கினால், நோயாளி கடிபடுவதும் பாதி, மற்றவர் கடிபடுவதும் பாதி என்று இரண்டு முனையிலும் அது வேலை செய்வதால், 18 என்பது கால்பங்காகி நாலரை ஆகும். காய்ச்சல் கண்டவருக்கு உடனே இரத்தச் சோதனையும் சரியான மருந்தும் கிடைத்து, 30 இரவு என்பது 5 இரவாகச் சுருங்கினால், நாலரை ஆறில் ஒன்றாகி, முக்கால் ஆகிறது.

இந்த முக்கால்தான் அதிசயம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே நோய் போகிறது என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் நோயாளிகள் சுருங்கிச் சுருங்கி, கொசு முழுவதும் ஒழியாமலேயே நோய் ஒழிந்துவிடும். ஒன்று என்ற இந்த எல்லைக்கோட்டின் கருத்தை முதலில் தெளிவாக வகுத்துச் சொன்னவரும் ராஸ்தான். எந்தத் தனி வழியும் அந்த எல்லைக்குக் கீழே கொண்டுபோகவில்லை, மூன்றும் சேர்ந்தபோதே அது நடந்தது என்பது இந்தக் கணக்கின் முதல் பாடம். இரண்டாவது பாடம் கொசுவின் ஆயுளில் இருக்கிறது: நாள்தோறும் பத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கொசு இறந்தால், 12 நாள் முடிவில் பத்தில் ஒன்றுகூட மிஞ்சுவது கடினம். கொசு கிழமாகும்முன் இறந்தாலே போதும். பிற்காலத்தில் வீட்டுச் சுவரில் பூச்சிமருந்து தெளிக்கும் திட்டங்கள் இந்த நுட்பத்தின் மீதே கட்டப்பட்டன.

ஓடையைச் சீர்செய்தவர்கள்

மலைத்தோட்டத்தில் ஓடையைச் சீர்செய்வது எப்படி? திறந்த வடிகால் வெட்டினால் அதுவும் வெயில் பட்ட ஓடையே ஆகிவிடும். ஆகவே வாட்சனும் அவருடன் ஒத்துழைத்த தோட்டத்தாரும் பள்ளங்களின் அடியில் சுட்ட மண்குழாய்களைப் புதைத்து, ஊற்றுநீர் வெளிச்சத்தைக் காணாமலேயே நிலத்தடியில் ஓடும்படி செய்தனர். குழாய் இட முடியாத இடங்களில் 1914 அளவிலிருந்து எண்ணெய் தெளிக்கப்பட்டது. நீர்ப்பரப்பில் படரும் எண்ணெய்ப் படலம், மேலே வந்து மூச்சுவிடும் புழுவின் மூச்சுத்துளையை அடைத்துக் கொல்கிறது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தவறாமல் தெளித்தால் எந்தப் புழுவும் சிறகு முளைத்துப் பறக்க முடியாது.

ஒரு வாரம் தவறினாலும் அதுவரை செய்த வேலை வீண் என்பதையும், அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்பதையும் மறக்கலாகாது. முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்துகொண்டு, சரிவில் வழுக்காமல் கால் ஊன்றி, ஒவ்வொரு கசிவையும் குளம்புக் குழியையும் தேடித் தெளித்த கூலித் தொழிலாளரின் கண்தான் இந்த முறையின் உயிர். மருத்துவ வரலாறு வாட்சனின் பெயரைச் சொல்கிறது, அது தகும்; ஆனால் பள்ளம் பள்ளமாக இறங்கியவர்களின் பெயரை எந்த ஏடும் வைத்திருக்கவில்லை.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களே அதிகம் இறந்ததற்கும் காரணம் உண்டு. மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கித் தப்பியவர்களின் உடலில் ஓரளவு தடுப்பாற்றல் வளர்கிறது; புதிதாக வந்தவர்களிடம் அது இல்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின்னும், கங்காணிகள், அதாவது தொழிலாளர் மேற்பார்வையாளர்கள், ஊருக்குப் போய் ஆள் திரட்டும் முறை 1938 வரை நீடித்தது. இறந்தவர்களின் இடத்தைத் தடுப்பாற்றல் இல்லாத புதியவர்களைக் கொண்டு நிரப்பிக்கொண்டே இருந்ததால், அணையவிருந்த நெருப்பில் புது விறகு விழுந்துகொண்டே இருந்தது. வடிகாலுக்கும் மருத்துவமனைக்கும் ஆகும் செலவைவிடப் புதிய ஆளைக் கொண்டுவரும் செலவு குறைவாகத் தோன்றிய இடங்களில் நோய் நீண்டது. அரசு சட்டங்களை இறுக்கி, தடுப்பு முறைகள் தோட்டந்தோறும் பரவியபோது, 1930-களுக்குள் இறப்பு விகிதம் பல மடங்கு குறைந்தது. மருந்து மாறாமலேயே, வாழும் நிலை மாறியதால் வந்த பலன் அது.

கொயினாவும் அதற்குப் பின் வந்தவையும்

தோட்ட மருத்துவமனையில் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் கையில் இருந்த ஆயுதம் ஒன்றே: நாக்கை விட்டு நாள் முழுதும் கசப்பு நீங்காத கொயினா. தென் அமெரிக்கச் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-இல் பிரித்தெடுக்கப்பட்ட இந்த மருந்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியிலும் ஜாவாவிலும் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியைக் கொயினா கொன்றது. ஆனால் பால்சிபாரத்தின் முதிர்ந்த பால்வடிவங்களையும், வைவாக்ஸின் உறங்கும் வடிவங்களையும் அது தொடவில்லை. ஆகவே நோயாளி பிழைத்தார், நோய் மறையவில்லை. பின்னர் வந்த செயற்கை மருந்துகளுக்கு ஒட்டுண்ணியே பதில் கண்டது. கோடிக்கணக்கில் பெருகும்போது தற்செயலாக மருந்தைத் தாங்கும் ஒன்று பிறந்தால், மற்றவை மடிய அது மட்டும் பெருகுகிறது. 1940-களின் பிற்பகுதியில் நம்பிக்கையோடு வழங்கப்பட்ட பாலுட்ரின் என்ற மருந்துக்கு இத்தகைய எதிர்ப்பு மலாயாவிலேயே விரைவில் கண்டறியப்பட்டது.

இன்று முதன்மையான மருந்து, 1970-களின் தொடக்கத்தில் சீன அறிவியலாளர் தூ யூயூ ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின். அதற்காக அவர் 2015-இல் நோபல் பரிசு பெற்றார். அது தனியே தரப்படுவதில்லை. இரண்டு மருந்துகளையும் ஒருங்கே தாங்கும் ஒட்டுண்ணி பிறப்பது அரிது என்பதால் இன்னொரு மருந்துடன் சேர்த்தே மூன்று நாள் தரப்படுகிறது. பால்வடிவங்களையும் உறங்கும் வடிவங்களையும் பிரிமாக்குவின் என்ற மருந்து அழிக்கிறது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவது, நோயாளிக்கு மட்டுமன்றி அவரது லயத்துக்கே தீங்கு என்பது மேற்சொன்ன கணக்கை நினைத்தால் விளங்கும்.

பகாவ் கற்பித்தது

தடுப்பு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று கோலா பிலாவுக்கு அருகிலேயே இருக்கிறது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் சிங்கப்பூரில் உணவு தட்டுப்பட்டபோது, 1943 டிசம்பர் தொடங்கி, யுரேசியரும் சீனருமாகிய ஏறத்தாழ 3,000 கத்தோலிக்கர்கள் பகாவ் அருகே காட்டைத் திருத்திப் பயிர் செய்து வாழக் குடியேற்றப்பட்டனர். நகரத்தில் வாழ்ந்த அவர்களிடம் தடுப்பாற்றல் இல்லை. காடு வெட்டப்பட்டது, ஓடைகளில் வெயில் விழுந்தது. எண்ணெய் இல்லை, மருந்து போதவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், பெரும்பாலும் மலேரியாவால். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோட்டங்களில் நடந்தது, காரணம் முழுவதும் தெரிந்திருந்த காலத்தில், மறுபடி நடந்தது. அதே ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேரும் காலராவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் மலேரியாவுக்கும் பலியாயினர்.

காட்டிலிருந்து வரும் புதியவை

1967-இல் தீபகற்பத்தில் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டம் வீட்டுச் சுவர்த் தெளிப்பு, இரத்தச் சோதனை, சிகிச்சை மூன்றையும் ஒன்றாகக் கொண்டுசென்றது. மனிதருக்கே உரிய மலேரியா வகைகள் 2018 முதல் மலேசியாவுக்குள் உள்நாட்டில் பரவவில்லை. ஆனால் கதை முடியவில்லை. நீள்வால் குரங்கிலும் பன்றிவால் குரங்கிலும் வாழும் நோலெசி என்ற ஒட்டுண்ணி மனிதரையும் இயற்கையாகத் தாக்கும் என்பது 1965-இல் பகாங் காட்டில் பணிபுரிந்த ஓர் அமெரிக்கரிடம் முதன்முதலாகத் தெரிந்தது. அது அரிய நிகழ்வு என்று கருதப்பட்டிருக்க, 2004-இல் பல்பீர் சிங்கும் குழுவினரும் சரவாக்கின் கபிட் பகுதியில் அது பலரைத் தாக்கியிருப்பதைக் காட்டினர். நுண்ணோக்கியில் அது சாதுவான மலேரியே வகையைப் போலத் தோன்றியதால் அதுவரை பெயர் மாறி எழுதப்பட்டு வந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் இந்த வகை, நாள் தவறாமல் காய்ச்சலை ஏற்றி, சிகிச்சை தாமதித்தால் உயிரையும் பறிக்கிறது. இன்று மலேசியாவின் மலேரியா என்பது பெரும்பாலும் இதுவே.

புதிய நோய் பிறப்பது இப்படித்தான். பால்சிபாரமே ஆப்பிரிக்காவின் கொரில்லாவிலிருந்து மனிதருக்குத் தாவியது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. விலங்கும் மனிதரும் சந்திக்கும் விளிம்பை வேலை மாற்றும்போதெல்லாம் புதிய வழி ஒன்று திறக்கிறது. 1998–99-இல் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் பரவிய மூளைக்காய்ச்சல் இதற்கு இன்னொரு சான்று. முதலில் அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டுக் கொசுப்புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது, நோய் நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் புதிய வைரசைப் பிரித்தெடுத்த பின்னரே, அது பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதருக்கும் வந்தது என்ற உண்மை தெளிந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டதும் நோய் நின்றது. அதற்குள் மலேசியாவில் 105 பேர் இறந்திருந்தனர். நிப்பா என்ற அந்த வைரசின் பெயரில் நெகிரி செம்பிலானின் ஒரு சிற்றூர் நிலைத்துவிட்டது. உழைப்பும் அக்கறையும் குறையாமல் இருந்தும் தவறான வழியை அடைத்ததால் உயிர்கள் போயின என்பதில், சமவெளியின் மருந்தை மலைக்கும் கொண்டுசென்ற பழைய பிழையின் சாயலைக் காணலாம்.

நிழற்கொசுவின் காட்டைப் புள்ளிக்கொசுவின் ஓடையிலிருந்து பிரித்தறிந்த அந்தப் பார்வையே இன்றும் தொற்றுநோய் மருத்துவத்தின் முதல் படி. காய்ச்சலுடன் வரும் தொழிலாளியிடம் அறிந்த மருத்துவர் வெப்பமானியை எடுப்பதுடன் நின்றுவிடுவதில்லை. கடந்த இரண்டு வாரங்களில் எங்கே வேலை செய்தீர்கள், எங்கே தூங்கினீர்கள், பக்கத்தில் என்ன தண்ணீர் ஓடுகிறது, குரங்கு வருகிறதா என்றும் கேட்கிறார். கல்லீரலில் ஒட்டுண்ணி ஓசையின்றிப் பெருகிய நாட்களைத் தேடிப் போகும் கேள்வி அது. நூறு ஆண்டுகளுக்கு முன் லயத்தில் விழுந்து கிடந்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளிருந்திருந்தால், லயத்துக்குக் கீழே வெயிலில் மின்னிக்கொண்டு ஓடிய தெளிந்த தண்ணீரை அவர்களே கைகாட்டியிருப்பார்கள்.